பொன்னாடை கிடைக்காதவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அக்காமார்களே, அண்ணன்மார்களே, தம்பி தங்கைகளே, அப்புறம் இன்னமும் என்னை "டேய்" என்று கூப்பிடும் உரிமையுள்ள வகுப்புத் தோழர்களே, வணக்கம்.

மலேசியா தின விடுமுறையில் நடந்த நம்ம முன்னாள் மாணவர் ஒன்றுகூடல் நல்லபடியாக முடிந்தது. படங்கள் முகநூலில் ஏறிவிட்டன, பொன்னாடைகள் போர்த்தியாகிவிட்டது, வந்திருந்த பிரமுகர்கள் கொடுத்த நேரத்துக்கு மேலேயே பேசிவிட்டார்கள். நன்கொடை தந்தவர்களுக்கு மேடையிலேயே நன்றி சொன்னோம், சொல்லவும் வேண்டும், பணம் இல்லாமல் கூடாரம் ஏது, நாற்காலி ஏது. ஆனால் அன்றைக்கு மேடைப் பக்கமே வராமல் ஓடிக்கொண்டிருந்தவர்கள் பலர், அவர்களில் பாதிப் பேர் சாப்பிட்டார்களா என்பதுகூடச் சந்தேகம்தான். இந்த மடல் அவர்களுக்கு. பெயர் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். சரி, போடவில்லை. யார் யார் என்று உங்களுக்குத் தெரியாமலா போகும்!

முதலில் ஆள் தேடும் குழு. நம்முடையது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. தோட்டம் துண்டு துண்டாகி வீடமைப்புப் பகுதியான பிறகு, ஒரே லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள் பட்டர்வொர்த், சுங்கை பட்டாணி, கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று சிதறிப் போனார்கள். கையில் இருந்தது பழைய பதிவேட்டின் நகல் மட்டும். அதில் ஒரே வகுப்பில் மூன்று லெட்சுமி, இரண்டு முனியாண்டி, அதுவும் அடையாள அட்டையில் குமாஸ்தா எழுதியபடி ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல். முகநூலில் தேடினால் ஆளின் முகம் இருக்காது, பேரப்பிள்ளை படமோ செம்பருத்திப் பூவோதான் இருக்கும். இதற்கெல்லாம் கணினி உதவாது என்று முடிவுகட்டிய நம்ம அக்கா ஒருவர், கல்யாண வீடு, கோவில் திருவிழா, துக்க வீடு என்று எங்கே போனாலும் கைப்பையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடுதான் போவார். தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் நின்றுகொண்டு, மோர் வாங்க வருகிறவர்களிடம் "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டே பதினொரு பேரைப் பிடித்தார். அவர் அரசாங்கத்தில் வேலை பார்த்திருந்தால் மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்குத் தனி இலாகாவே தேவைப்பட்டிருக்காது.

ஆளைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான், வரவைப்பது இன்னொரு பாதி. ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திவிட்டு பிறை (Prai) பட்டணத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போன ஒரு தோழி, "டாக்டரும் லாயரும் உட்கார்ந்திருக்கிற இடத்தில் நான் வந்து என்ன செய்வேன்?" என்று கேட்டிருக்கிறார். இது அவர் ஒருவருடைய கேள்வி இல்லை, முன்னாள் மாணவர் கூட்டம் என்றாலே யார் எவ்வளவு உயர்ந்திருக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்கும் இடமாக ஆகிவிடுகிறது, அந்தக் கணக்கில் தனக்கு இடமில்லை என்று நினைப்பவர்கள் பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். அதனால் வரவேற்புக் குழுவில் இருந்த இளைஞர்கள் ஒரு முடிவெடுத்தார்கள்: பெயர் அட்டையில் பெயரும் ஆறாம் ஆண்டு முடித்த வருடமும் மட்டும். டத்தோ என்ற அரச விருதுப் பட்டம் கிடையாது, டாக்டர் கிடையாது, தொழில் கிடையாது. செயலவையில் இதற்கு எதிர்ப்பு இருந்தது, பட்டம் வாங்கியவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்று மூத்தவர்கள் பயந்தார்கள், ஒருவர் அன்றைக்கு முகத்தைச் சுளிக்கவும் செய்தார். தம்பிகள் அசையவில்லை. அந்தத் தோழி வந்தார், முன்வரிசையில் உட்கார்ந்தார், மதியச் சாப்பாட்டின்போது முகம் சுளித்தவரின் அட்டையில் வருடத்தைப் பார்த்துவிட்டு "எனக்கு நீ இரண்டு வருஷம் ஜூனியர், போய் ரசம் எடுத்துட்டு வா" என்றார். அவரும் போய் எடுத்துவந்தார்! என்னைக் கேட்டால், நம்ம சங்கம் இதுவரை எடுத்த முடிவுகளிலேயே நல்லது இந்த அட்டைதான்.

அடுத்து நம்ம செயலாளரும் பொருளாளரும். இவர்கள் வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஏனென்றால் அதில் படம் எடுக்க எதுவும் இல்லை. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை, கணக்கு, செயலவைப் பெயர்ப்பட்டியல் எல்லாம் சங்கப் பதிவிலாகாவுக்குப் போயாக வேண்டும், போகாவிட்டால் பதிவே ரத்தாகலாம். அப்படிப் பெயர் இல்லாமல் போன சங்கங்கள் நம்ம ஊரில் கொஞ்சமா? பத்து ரிங்கிட் சந்தாவுக்கும் ரசீது எழுதி, கணக்காய்வாளர் கேட்கும் ஒவ்வொரு தாளையும் பிஸ்கட் டின்னிலிருந்து எடுத்து நீட்டும் நம்ம பொருளாளர் இல்லையென்றால் நாமும் அந்த வரிசையில்தான். நன்கொடையாளர்கள் வரிவிலக்கு ரசீது கேட்கும்போதெல்லாம், அதற்கு வருமான வரிச் சட்டம் 44(6) பிரிவின் கீழ் தனி அங்கீகாரம் வேண்டும், நம்மிடம் அது இல்லை என்று பொறுமையாக, ஒவ்வொருவருக்கும், முதல் தடவை சொல்வதுபோலவே சொல்கிறார். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சனிக்கிழமை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறாம் ஆண்டு முடிவில் எழுதும் யூபிஎஸ்ஆர் அரசாங்கத் தேர்வை 2021இல் ரத்து செய்தபோது, இனி டியூஷன் எதற்கு என்று நம்மில் சிலர் கேட்டோம். ஓய்வு பெற்ற நம்ம டீச்சர் விடவில்லை. தேர்வு போனாலும் இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான படிவம் ஒன்று போகவில்லையே, கணக்கையும் அறிவியலையும் தமிழில் படித்த பிள்ளை மறுவருடம் இடைநிலைப்பள்ளியில் மலாயில் அதே பாடத்தைக் கேட்கும்போது திகைத்து நிற்கும், மலாய் சரியாக வராவிட்டால் படிவம் ஒன்றுக்கு முன்னால் உள்ள புகுமுக வகுப்பில் ஒரு வருடம் கூடுதலாகப் போய்விடும் என்றார். நம்ம காலத்தில் எத்தனை பேர் அந்த இடத்தில்தான் படிப்பை விட்டார்கள் என்று யோசித்துப் பாருங்கள். அவரும் கல்லூரியில் படிக்கும் மூன்று தங்கைகளும் சம்பளம் இல்லாமல், பெட்ரோல் காசுகூட வாங்காமல், காலை எட்டு மணிக்குப் பள்ளி வாசலில் நிற்கிறார்கள்.

பழைய படக் கண்காட்சி வைத்த அண்ணனுக்கு ஒரு சிறப்பு நன்றியும் கொஞ்சம் ஆறுதலும். 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதிலிருந்து ஆரம்பித்து, 2016இல் இந்த நாட்டுத் தமிழ்க்கல்விக்கு 200 ஆண்டு கொண்டாடியதுவரை அழகாகப் பலகைகள் செய்திருந்தார். வந்தவர்கள் அதையெல்லாம் தாண்டி நேராக வகுப்புப் படங்களுக்குப் போய், தங்கள் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கவலைப்படாதீங்க அண்ணே, பிள்ளைகள் படித்தார்கள், நான் பார்த்தேன்.

சமையல் கட்டில் விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பு மூட்டிய அக்காக்களுக்கும், கூட்டித் துடைத்துவிட்டு விளக்கணைத்துக் கடைசியாக வெளியேறிய தம்பிகளுக்கும், லோரியை வாடகை வாங்காமல் அனுப்பியவருக்கும், சிங்கப்பூரில் இருந்துகொண்டு இரவு ஷிப்ட் முடிந்து வந்து உறுப்பினர் பட்டியலைத் தட்டச்சு செய்த தங்கைக்கும் என்ன சொல்வது, நன்றி என்றால் "போங்க சார், வேற வேலை இல்லையா" என்கிறார்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் தினமும் காலை வணக்கப் படம் மட்டும் அனுப்புகிறவர்களுக்கும் நன்றி, நீங்கள் உயிரோடு இருக்கிறீர்கள் என்று தெரிகிறது.

இரண்டு செய்தி. தூக்குச்சட்டியும் பாத்திரமும் விட்டுப் போனவர்கள் பொருளாளர் வீட்டில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், அவர் வீட்டுக்காரம்மா கேட்கச் சொன்னார். அப்புறம், துணைச் செயலாளர் பதவி வரும் பொதுக்கூட்டத்தில் காலியாகிறது. ஆள் தேடும் அக்காவின் நோட்டில் ஏற்கெனவே சில பெயர்கள் இருக்கின்றன, அவர் கூப்பிட்டால் போனை எடுங்கள்.

அன்புடன்,
செயலவை சார்பில்,
1984ஆம் ஆண்டு ஆறாம் ஆண்டு மாணவன்