உறங்கும் கிருமியை எழுப்பிக் கொல்லுதல்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். கடிதம் கிடைத்தது, பணி ஓய்வுக்குப் பிறகு பேத்தியோடு பொழுது இனிதே கழிவதை அறிந்து மகிழ்ந்தேன். நானும் நலமே. உங்கள் தம்பியின் சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமான கிருமி, மருந்துக்குக் கட்டுப்படும் என்று பரிசோதனையில் வந்தும் ஏன் மீண்டும் மீண்டும் தலைதூக்குகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

அந்தப் பரிசோதனை, பெருகும் கிருமியின் வளர்ச்சி மருந்தால் நிற்கிறதா என்பதை மட்டுமே காட்டும். 1944இல் நுண்ணுயிரியலாளர் ஜோசப் பிக்கர், பென்சிலினுக்குத் தப்பிய சில ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிகளை மீண்டும் வளர்த்துப் பார்த்தபோது, அவற்றின் வழித்தோன்றல்கள் முன்போலவே பென்சிலினுக்கு மடிந்தன. அவை எதிர்ப்பாற்றல் பெற்றவை அல்ல. வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, உறங்குவதுபோல் கிடந்து மருந்தைத் தாக்குப்பிடித்தவை. செல்சுவர் கட்டும் வேலையைக் குலைத்தே பென்சிலின் கொல்கிறது என்னும்போது, சுவரே கட்டாமல் கிடக்கும் செல்லில் குலைப்பதற்கு என்ன இருக்கிறது?

உறங்கும் கிருமியை எழுப்பிக் கொல்வது பற்றி 2011இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் காலின்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. ஜென்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து செல்லுக்குள் போக, சுவாசத்தின்போது புரோட்டான்கள் வெளியேற்றப்படுவதால் சவ்வின் இருபுறமும் உண்டாகும் மின்னழுத்தம் வேண்டும். உறங்கும் செல்லில் அது தாழ்ந்திருப்பதால் மருந்து போதிய அளவு உள்ளே போவதில்லை. ஈ. கோலை கிருமிகளுக்கு மானிட்டால், குளுக்கோஸ் போன்ற சர்க்கரை வகை ஊட்டங்களை ஊட்டியதும், அவை பெருகத் தொடங்குமுன்னரே சுவாசம் முடுக்கம் பெற்று, மருந்தை உள்ளிழுத்துக்கொண்டு மடிந்தன. அதே ஊட்டத்தோடு, பென்சிலின் வகையைச் சேர்ந்த ஆம்பிசிலினைக் கொடுத்தபோது அந்தப் பலன் கிட்டவில்லை. உயிர்ப்பு திரும்பினாலும் சுவர் கட்டும் வேலை தொடங்கவில்லை என்பதை இது எவ்வளவு துல்லியமாகக் காட்டுகிறது பாருங்கள்! ஸ்டாஃபிலோகாக்கஸுக்கோ ஃபுரக்டோஸ் வேண்டியிருந்தது.

ஊட்டம் எதுவானாலும் சரி என்பதும் இல்லை. சூடோமோனாஸ் என்ற கிருமியில் ஃபியூமரேட் என்ற ஊட்டம், ஜென்டாமைசினின் இனத்தைச் சேர்ந்த டோப்ராமைசின் மருந்துக்குத் துணைபோகிறது. கிளையாக்சிலேட் என்ற ஊட்டமோ கிருமியையே காக்கிறது. காசநோயில் பெடாகுயிலின் என்ற மருந்து இதற்கு நேர்மாறான வழியில் செல்கிறது: உறங்கும் கிருமிக்கும் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு சிறிதளவாவது இன்றியமையாதது என்பதால், அதை உண்டாக்கும் நொதியையே முடக்குகிறது.

எழுப்பிக் கொல்லும் வழியில் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் கிருமிகள் கூட்டமாக ஒட்டி வளரும் உயிர்ப்படலத்தில், ஆக்சிஜன் எட்டாத அடிப்பகுதியில் சுவாசத்தை எப்படித் தூண்டுவது என்பதே எனக்குப் பெருங்கவலை. ஜென்டாமைசின் சிறுநீரகத்தையும் செவியையும் தாக்கக்கூடியது என்பதையும் மறப்பதற்கில்லை.

தம்பியிடம் இதைச் சொல்லும்போது எச்சரிக்கையாகச் சொல்லுங்கள்: வாயால் உண்ணும் சர்க்கரை இந்த வேலையைச் செய்யாது. தொற்று திரும்புவதற்குச் சிறுநீர்க் கல், அடைப்பு போன்ற வேறு காரணங்களும் இருக்கலாம்; அவற்றை மருத்துவர் பார்த்துவிட்டாரா என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்