வளவுக்குக் கல் பதிக்க முன்

கல்லடி, மட்டக்களப்பு

அன்பின் கமலா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று வாசிக்க எனக்கும் சந்தோசம். இங்கே எல்லாரும் சுகம். இவருக்குச் சீனி கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இனி உன் வளவு விசயத்துக்கு வருகிறேன்.

முற்றம் முழுக்க இன்டர்லொக் கல் பதிக்க ஆள் பேசியிருக்கிறாய். சருகு விழுகிறது, கூட்ட ஆள் இல்லை, அம்மாவுக்கு இடுப்பு ஏலாது. எல்லாம் நியாயம்தான். அதே கடிதத்தில் ரொறன்ரோவில் பெர்மாகல்ச்சர், அதுதான் இயற்கையின் போக்கிலேயே தோட்டம் அமைக்கிற முறை, வகுப்புக்குப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கோபிக்காதே. அங்கே பல்கனித் தொட்டிக்குப் படித்துக்கொண்டு இங்கே இருபது பேர்ச் மண்ணை மூடப் போகிறாய்.

நம் ஊர் மணலுக்கு அடியில், உப்புத் தண்ணீருக்கு மேலே மழைத் தண்ணீர் ஒரு படையாக நிற்கிறது. கிணறுகள் தொடுவது அதைத்தான். சுனாமியில் உப்பாகிப்போன கிணறுகளைத் தேற்றியது பெரும்பாலும் அடுத்தடுத்து வந்த மாரிதான். மோட்டர் வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடி உப்பு மேலே ஏறும். அந்த மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் வந்து முடிந்துவிடும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் ஒரு அங்குலம் பெய்தாலே 2,300 லீற்றருக்கு மேல். கிறவல் கொட்டி, இடித்து இறுக்கி, மேலே கல்லும் பதித்தால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? ஒழுங்கைக்குத்தான். வெள்ளம் வந்தால் வாய்க்காலைத் திட்டுகிறவர்களின் முற்றத்தை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

பெர்மாகல்ச்சரைத் தொடக்கிவைத்த மொலிசனும் ஹொல்ம்கிரெனும் அவுஸ்திரேலியாவில் அதைப் பற்றிய முதல் புத்தகத்தை வெளியிட்டது 1978 இல் என்று எழுதியிருந்தாய். நமக்கு 78 என்றால் நவம்பர் சூறாவளி. உங்கள் தென்னைகள் சரிந்து கிடந்தது ஞாபகம் இருக்கா? இப்போது நிற்பதெல்லாம் அம்மா அதற்குப் பிறகு வைத்தவை. அதுகளின் வேருக்கு மேலேதான் கல் வரப்போகிறது.

சருகுக்கு வழி சொல்கிறேன். குசினித் தண்ணீர் போகிற பக்கம் ஆறடி அகலத்தில், இடுப்பளவு ஆழத்தில் ஒரு குழி வெட்டு. அடியில் பொச்சுமட்டையை அடுக்கு. மணலுக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கத் தெரியாது, மட்டைக்குத் தெரியும். அதற்கு மேல் ஓலை, சருகு, மரக்கறித் தோல் எல்லாம் போடலாம். வெட்டின மண்ணை விளிம்பில் வரம்பாகக் கட்டி வாழையும் பப்பாசியும் வை, இடையில் சேம்பு. பாத்திரம் கழுவின தண்ணீரை அதற்குள் விடு, குளோரின் கலந்ததை மட்டும் விடாதே. குழி நிறைய நிறைய உக்கித் தாழும், திரும்பவும் போடலாம். சருகை எரிக்கிற வேலையும் மிச்சம்.

என் வளவில் இப்போது வேடிக்கை கறிவேப்பிலையில்தான். இலையில் குருவி எச்சம் என்று தட்டப் போனேன், அது நகர்ந்தது! வண்ணத்துப்பூச்சிப் புழு. வளர வளரப் பச்சையாகிவிடும். கொஞ்சம் இலையைத் தின்னட்டும் என்று விட்டிருக்கிறேன். தேசியிலும் இதே கதைதான். மருந்தடிக்காததால் புலுனிக் கூட்டம் நாள் முழுக்கச் சருகைக் கிளறிக்கொண்டு திரிகிறது.

பாம்பு வரும் என்று அம்மா சொல்லுவா. சரிதான். அதனால் வாசலண்டை பற்றை வேண்டாம். அன்றாடம் பறிக்கிற பசளி, பொன்னாங்காணி, மிளகாய் மட்டும் அங்கே நிற்கட்டும். அடர்த்தியெல்லாம் பின்வேலியோடு. உன் வகுப்பிலும் இதைத்தானே வலயம் வலயமாகப் படிப்பிக்கிறார்கள்? நுளம்புக்குப் பயந்தால் தொட்டிக்கு அடியில் வைக்கிற தட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். சிரட்டை, தட்டு, மூடாத தாங்கி, டெங்கு நுளம்பு பெருகுவது அதுகளில்தான். மணலில் விழுந்த மழை நுளம்பு பெருகுமட்டும் தேங்கி நிற்காது.

முற்பணம் கொடுத்துவிட்டாயா? கொடுத்திருந்தால் பாதகமில்லை. அந்தக் கல்லை வாகனம் ஏறுகிற இரண்டு தடத்துக்கும் கிணத்தடிக்குப் போகிற பாதைக்கும் மட்டும் போடச் சொல்லு. அம்மா வழுக்காமல் நடக்கவும் அது உதவும். நான் பக்கத்தில் நின்று பார்க்கிறேன். முருங்கைத் தடியும் அகத்தி விதையும் என்னிடம் இருக்கு. மாரி தொடங்க முதல் பதில் போடு, குழி வெட்ட ஆள் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
ராணி