சைவ்ஸ் முளைக்காததற்குக் கைராசி காரணமல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் வார இணைப்பின் மாடித்தோட்டப் பகுதியில், சைவ்ஸ் (chives) என்ற வெங்காய இனத்துக் கீரையின் விதையை ஓர் அங்குல ஆழத்தில் எந்த மாதமும் ஊன்றலாம் என்று குறிப்பு வந்திருந்தது. ஆழம், மாதம் இரண்டுமே தவறு. அதன்படி ஊன்றியவர்கள் இருபது நாள் வெறும் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, தங்களுக்குக் கைராசி இல்லை என்று விட்டுவிடுவார்கள்.

முதலில் எந்தச் செடி என்று தெரிய வேண்டும். சைவ்ஸ் என்ற பெயரில் இரண்டு விற்கிறார்கள். இலை உள்ளே குழலாக, ஊதா கலந்த இளஞ்சிவப்பில் பூப்பது அசல் சைவ்ஸ், குளிர்நாட்டுச் செடி. இலை தட்டையாக, பூண்டு மணத்தோடு வெள்ளையாகப் பூப்பது பூண்டு சைவ்ஸ். மணிப்பூரில் மரோய் நகுப்பி என்றும் மலேசியச் சந்தைகளில் குச்சாய் என்றும் சொல்வது இதைத்தான். சென்னை, மதுரை, திருச்சி வெயிலில் ஆண்டு முழுக்க நிற்பது இரண்டாவதுதான். அசல் சைவ்ஸைச் சமவெளியில் குளிர்காலக் கீரையாக நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் இல்லை.

முளைக்காமல் போவதற்குப் பெரும்பாலும் விதையின் வயதே காரணம். வெங்காய இனத்து விதைகள் தக்காளி, கத்தரி விதை போல நாலைந்து வருடம் தாங்காது. நம் ஊர் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் ஒரு வருடம் தாண்டினாலே முளைப்புத்திறன் சரிந்துவிடும். விதைக்கும் முன் 20 விதைகளை ஈரக் காகிதக் கைக்குட்டையில் சுற்றி, மூடிய டப்பாவில், நிழலில் வையுங்கள். இரண்டு வாரத்தில் 12-க்கு மேல் முளைவிட்டால் நல்ல விதை. 8-க்குக் கீழே என்றால் அந்தப் பொட்டலத்துக்காகத் தொட்டி நிரப்ப வேண்டாம். மிச்ச விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். (நாட்டு மருந்துக் கடையில் 'வெங்காய விதை' என்று கருஞ்சீரகத்தைக் கொடுத்துவிடுவதும் உண்டு. அதை விதைத்தால் வெங்காயம் வராது. சோம்புச் செடி மாதிரி மெல்லிய இலையோடு ஏதோ வரும்.)

அடுத்தது காலம். மண் 18 முதல் 22 டிகிரி வரை இருந்தால் 10 முதல் 14 நாளில் முளைக்கும். 30 டிகிரிக்கு மேல் போனால் முளைப்பு வெகுவாகக் குறையும். எனவே சமவெளியில் அடைமழை ஓய்ந்த கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரை விதைக்கலாம். ஊட்டி, கொடைக்கானலில் உறைபனி விழும் மார்கழி, தை நீங்கலாக விதைக்கலாம். மழை நாட்களில் கூரைக்குக் கீழே.

நாற்றுக் கலவைக்குத் தென்னை நார்க்கழிவு இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, ஆற்றுமணல் ஒரு பங்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து மூன்று முறையாவது தண்ணீர் மாற்றிப் பிழிய வேண்டும். அதிலுள்ள உப்பு இளவேரைக் கருக்கிவிடும். குழித்தட்டில் குழிக்கு 6 முதல் 8 விதை. இது ஒற்றைச் செடியாக நிற்காது, தூராகத்தான் வளரும். அதனால் கூடுதல் நாற்றைப் பிடுங்கிக் கலைக்க வேண்டாம். மேலே அரை சென்டிமீட்டர் கலவை தூவி, விரலால் லேசாக அழுத்தி, தெளிப்பானால் நனைத்துச் செய்தித்தாளால் மூடுங்கள். இருட்டில்தான் நன்றாக முளைக்கும். முளை நேராக வராது. வளைந்த ஊசி போல முதுகைக் காட்டி எழும், நுனியில் விதைத்தோல் ஒட்டியிருக்கும். அதைப் பிடித்து இழுக்காதீர்கள். ஆனால் முதல் முளை தெரிந்த அன்றே தாளை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் வெளுத்து நீண்டு சாயும்.

சாய்ந்த நாற்றின் அடி நீர்கோத்து நூலாக இற்றிருந்தால் அது நாற்றழுகல். ஈரமும் காற்றோட்டமின்மையும் காரணம். கலவையில் ஒரு தேக்கரண்டி டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சைப் பொடி) முன்பே கலந்து, தண்ணீரைத் தட்டின் அடியிலிருந்து உறிஞ்சவிட்டால் பெரும்பாலும் வராது.

நாற்று 10 சென்டிமீட்டர் ஆனதும், அதற்கு ஆறேழு வாரம் பிடிக்கும், ஒரு குழியின் கொத்தை அப்படியே 8 அங்குலத் தொட்டிக்கு மாற்றலாம். காலை வெயில் நாலு மணி நேரம் போதும். பங்குனி பிறந்தால் அசல் சைவ்ஸை நிழலுக்கு நகர்த்துங்கள். முதல் அறுப்புக்கு அவசரம் கூடாது. இலை ஒரு சாண் வந்தபின் அடியில் இரண்டு அங்குலம் விட்டுக் கத்தரியால் வெட்டி, கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள். மொட்டையாக மண்ணோடு வழித்தால் தூர் தளரும்.

இலையில் வெள்ளிக் கீறல் போலத் தெரிந்தால் இலைப்பேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்து, ஒரு வாரம் கழித்து அறுக்கலாம். நுனி மட்டும் காய்ந்தால் பெரும்பாலும் பூச்சி இல்லை, ஆழ்துளைக் கிணற்று உப்பு. மழைநீரோ குடிநீரோ தாராளமாக ஊற்றி வழியவிடுங்கள். வீட்டில் நாய், பூனை இருந்தால் தொட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வெங்காய இனம் அவற்றுக்கு நஞ்சு.

விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை செய்யப்பட்ட பயிர் விதைகளுக்கு முளைப்புத்திறனும் பரிசோதனை நாளும் அட்டையில் இருந்தாக வேண்டும்; வெங்காய விதைக்குக் குறைந்தபட்ச அளவு 70 சதவீதம். மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கட்டும் சிறு சைவ்ஸ் பொட்டலங்களில் அந்த நாளையும் அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்?

அடுத்த இணைப்பில் 'ஓர் அங்குலம்' என்பதை 'அரை சென்டிமீட்டர்' என்றும், 'எந்த மாதமும்' என்பதைச் சமவெளிக்கு 'கார்த்திகைக் கடைசி முதல் தை வரை' என்றும் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகர்கள்,
கோயம்புத்தூர்.