குழிக்கு முட்டுக் கொடுப்பதையும் எஸ்டிமேட்டில் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கிரீட்டைத் தாங்கப் பலகையும் முட்டும் அடிக்கிற சென்ட்ரிங் வேலையை முப்பத்தொரு வருடம் பார்த்தவன் நான். மார்த்தாண்டம், பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று தமிழ்நாடு, கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் பலகை அடித்திருக்கிறேன். எங்கள் ஊரில் இப்போது சாலையோரம் குழாய் பதிக்கக் குழி எடுக்கிறார்கள். போன வாரம் போய்ப் பார்த்தேன். ஆழம் ஆள் உயரத்துக்கு மேல். எடுத்த மண் விளிம்பிலேயே குவிந்து கிடக்கிறது, அதை ஒட்டி ஜேசிபி நிற்கிறது. உள்ளே இரண்டு பேர் குனிந்து குழாய் மூட்டுகிறார்கள். பலகையும் இல்லை, குறுக்குக் கட்டையும் இல்லை, ஏறி வர ஒரு ஏணிகூட இல்லை.

எங்கள் செம்மண் ஆளை ஏமாற்றும். கோடையில் வெட்டினால் கத்தியால் அறுத்தது போல நேராக நிற்கும். அதை நம்பித்தான் இறங்குகிறார்கள். ஆனால் இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்கிற கன்னியாகுமரி மாவட்டம் இது. தண்ணீர் இறங்கியதும் அந்தப் பிடிப்பு போய்விடும். பக்கத்தில் முன்பே தோண்டி மூடிய இடம் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

2009-இல் பாறசாலைப் பக்கம் ஒரு வீட்டுக்கு நிலத்தடித் தொட்டி கட்டினோம். ஒன்பதடிக் குழி. முந்தின ராத்திரி நல்ல மழை. காலையில் பார்த்தால், விளிம்பிலிருந்து இரண்டடி தள்ளி நீளமாக ஒரு கீறல் ஓடியிருந்தது. என் சுண்டுவிரல் அதில் நுழைந்தது. உள்ளே நின்ற கையாள் பையனை ஏறச் சொன்னேன். "நாலு சட்டி மண்ணுதான் அண்ணே" என்றான். அதட்டித்தான் ஏற்றினேன். மேலே வந்து அவன் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கம் முழுசாகச் சரிந்தது. அரிசி மூட்டையைக் கீழே போட்டது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். அவன் விட்டுவந்த மண்வெட்டியின் பிடி ஒரு சாண்தான் வெளியே தெரிந்தது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்குக் குறையாது. நெஞ்சு வரை மூடினாலே மூச்சு விட முடியாது.

மாடி காங்கிரீட்டுக்கு எத்தனை அடிக்கு ஒரு முட்டு என்று இன்ஜினியர் சொல்வார். சதுர அடிக் கணக்கில் எங்களுக்குக் கூலியும் உண்டு. குழிக்கு என்றால் படமும் கிடையாது, கூலியும் கிடையாது. "பார்த்துப் பண்ணிக்கோங்க" என்பார்கள். சரி என்று கையில் கிடைத்த ரப்பர் மரத் துண்டு ஒன்றை மேலே குறுக்காகச் செருகுவார்கள். ஆழம் போகப் போகத்தான் மண் அதிகமாகத் தள்ளும், கீழ்க் கட்டைதான் நிறையத் தாங்க வேண்டும் என்பதை யார் கணக்குப் பார்ப்பது? அப்புறம் பிரிக்கும்போது எல்லாக் கட்டையையும் ஒரே மூச்சில் உருவுகிறார்கள். கீழிருந்து மண்ணை நிரப்பிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும்.

ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழிக்கு முட்டு வேண்டும், இல்லையென்றால் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும் என்று குழி தோண்டும் பாதுகாப்புக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 3764-ஏ சொல்கிறது. அதைச் செய்ய டெண்டரில் தனி வரியும் தனித் தொகையும் வையுங்கள். மண்ணைப் பார்த்து இன்ஜினியர் ஒரு படம் போட்டுக் கையெழுத்திடட்டும். மழை பெய்த மறுநாள் அவரே வந்து விளிம்பைப் பார்த்த பிறகுதான் ஆள் இறங்க வேண்டும்.

ஐப்பசிக்கு முன் இதைச் செய்துவிடலாம். பலகை அடித்துக் காட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சென்ட்ரிங் தொழிலாளி,
களியக்காவிளை.