பையன் திரும்பி வருகிறான், தம்பி

தம்பி,

பிள்ளைகளுக்கான நாவலை முடித்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தில் பையன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். நீ ஒத்துக்கொள்ளமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதினேன். அம்மாவின் திதிக்குள் அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று உனக்கே தெரியும்.

தைப்பூசத்துக்குப் பினாங்குத் தீவின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்த் திரும்பிய அந்தச் சாயங்காலத்தில்தான் கதை தொடங்குகிறது. பழைய ஃபெர்ரியின் கீழ்த்தட்டில், கார்களுக்கு நடுவே அப்பாவின் மோட்டார் சைக்கிள். முன்னால் நீ, பின்னால் நான். எண்ணெய் வாடை. காலுக்கடியில் இரும்பு அதிர்கிறது. வியர்வையில் கரைந்த விபூதி கண்ணுக்குள் போய்விட, ஒரு கண்ணை மூடிக்கொண்டே கேட்டாய்: "போறப்ப காசு வாங்கினான், இப்ப ஏன் வாங்கல?"

"போனவன் திரும்பி வந்துதானே ஆகணும்? அதான் நம்ம கரையில, பட்டர்வொர்த்திலேயே வாங்கிட்டான்."

"வரலைன்னா?"

"வரலைன்னா நமக்குத்தான் நட்டம்" என்று அப்பா சிரித்தார்.

ஃபெர்ரி கரையைத் தொட்டது. இறங்கும் இடத்து இடுக்கில் பச்சைத் தண்ணீர் தெரிந்தது. நீ குனிந்து பார்த்துவிட்டு என் காதில் சொன்னாய்: "அதுக்குள்ள ஒரு ஊரு இருக்குக்கா."

ஆக, கதை உன்னுடையது. கேட்காமல் எடுத்துக்கொண்டேன், மன்னித்துக்கொள். ஆனால் விட்டிருந்தால் நீ எழுதியிருப்பாயா? சொல்லு.

என் நாவலில் கட்டணம் தலைகீழ். பையன் அந்தக் கடலடி ஊருக்குள்ளே போவது இலவசம், வெளியே வரத்தான் விலை. வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரை அங்கேயே கொடுத்துவிட வேண்டும். அதற்கப்புறம் அந்தப் பெயர் யார் வாயிலும் வராது. பயப்படாதே, உன்னுடையதைப் போடவில்லை. இங்கேயும் எழுதமாட்டேன், உன் ஆபீஸ்காரர்கள் படித்தாலும் படிப்பார்கள்.

எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு எழுதுவது லேசு என்பவர்கள் ஒருமுறை அவர்கள் முன்னால் வாசித்துப் பார்க்கட்டும். கடலுக்கடியில் ஊர் இருப்பதை எந்தக் கேள்வியும் கேட்காமல் நம்பினார்கள். "கார் எப்படி டீச்சர் ஃபெர்ரில ஏறும்?" என்றுதான் ஒருத்தி மடக்கினாள். பாவம், 2020 கடைசியோடு ஃபெர்ரியில் கார் ஏற்றுவது நின்றுவிட்டது. இப்போது ஓடுவதில் ஆளும் மோட்டாரும் சைக்கிளும்தான். கார் என்றால் பாலம். அதை விளக்க அரைப் பக்கம் சேர்த்தேன்.

இந்த மாதிரிக் கதையில் பெரியவர்களை முதலிலேயே ஓரங்கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை எங்கேயும் போக முடியாது. அப்பாவை மோட்டார் மேலேயே தூங்க வைத்துவிட்டேன். கதையில் அவர் நல்ல மனுஷர். இதற்கு மேல் வேண்டாம், பெரியம்மா வீட்டாரும் படிக்கிறார்கள்.

"அந்த ஊரு நல்லாத்தானே இருக்கு, ஏன் திரும்பணும்? பிள்ளைங்க கதைன்னா அம்மா மடியிலதான் முடியணுமா?" என்று போனில் கேட்டாய். நியாயமான கேள்விதான். வேறு வழி தெரியாமல் பிள்ளையை வீட்டில் கொண்டுவந்து விடுகிற கதைகள் நிறைய உண்டு. ஆனால் கரையில் நிற்கிற அக்காவைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளுக்காக ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறேன். தம்பியின் ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு ஃபெர்ரியிலும் தேடுகிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் உட்கார்ந்திருந்த ராத்திரி நீ அனுப்பியது ஒரு கைகூப்பும் படம். அதை நாவலில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்கலாம்.

உன் கணக்கு நோட்டின் பின்னட்டையில் நீ வரைந்த அந்த ஊரின் வரைபடம் கிடைத்தது. திருத்தாமல் அப்படியே போடுகிறேன். நாலு ஐஸ்கிரீம் கடை, ஒரு கோயில், ஆமைகளுக்குத் தனி பஸ் ஸ்டாண்ட். பள்ளிக்கூடம் மட்டும் இல்லை. மறந்துவிட்டாயா, வேண்டுமென்றேவா? தேடித் தேடிப் பார்த்துச் சிரித்தேன். எவ்வளவு கெட்டிக்காரப் பயல் நீ.

சமர்ப்பணப் பக்கத்துக்கு என்ன பெயர் என்று அச்சகத்தில் கேட்கிறார்கள். உன் பெயரைப் போடலாமா, கூடாதா? வெள்ளிக்கிழமைக்குள் சொல்லு. பதில் வராவிட்டால் அம்மா பெயரை மட்டும் போட்டுவிடுவேன், அப்புறம் என்னிடம் வருத்தப்படாதே.

அக்கா