உன்ர கதிரை இன்னும் இருக்கு

சவுத்தாம்ப்டன்
26.05.2025

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிறன். நேற்று எங்கட சவுத்தாம்ப்டன் உதைபந்தாட்ட அணியின்ர கடைசிப் பிரீமியர் லீக் மட்ச்சும் முடிஞ்சுது. ஆர்சனல் 2-1 எண்டு வெண்டுட்டுப் போட்டாங்கள். 38 மட்ச், 12 புள்ளி. பிரீமியர் லீக்கிலேயே ஆகக் குறைஞ்ச புள்ளியான டெர்பியின்ர 11ஐத் தாண்டினதே எங்களுக்குப் பெரிய காரியமாப் போச்சு. ரெண்டு கிழமைக்கு முந்தி மன்செஸ்டர் சிற்றியோட 0-0 எண்டு முடிஞ்ச அண்டைக்குத்தான் அந்தப் பன்னிரண்டாவது புள்ளி வந்தது. சனம் கோப்பை வெண்ட மாதிரி எழும்பி நிண்டு கைதட்டிச்சுது. இண்டைக்கு வெம்பிளியில வெண்டு பிரீமியர் லீக்குக்கு ஏறிச் சரியா ஒரு வருசம், பிள்ளை. அதாலதான் பேனையை எடுத்தன்.

டிசம்பரில டொட்டன்ஹாமிட்ட 5-0 எண்டு தோத்த இரவு நீ போன் எடுத்து, "ரசல் மார்ட்டின் எங்கட பெடியளைப் பலி குடுத்திட்டார், அப்பா" எண்டு சொன்னனீ. நான் கத்திப்போட்டுப் போனை வைச்சிட்டன். மெல்பேர்னில அப்ப விடியக்காலமை, நீ வேலைக்கு வெளிக்கிடுற நேரம். அண்டிரவே மார்ட்டினைப் பயிற்சியாளர் வேலையில இருந்து நிப்பாட்டிட்டினம். பேந்து நாங்கள் ரெண்டுபேரும் அதைப்பற்றி வாயே திறக்கேல்லை. குளிர், சாப்பாடு, அம்மாவின்ர முழங்கால் நோ, இவ்வளவும்தான் கதைச்சம்.

எனக்கு ஏன் கோவம் வந்தது தெரியுமோ? 2023 செப்டெம்பரை நினைச்சுப்பார். சண்டர்லாண்டில 5-0. லெஸ்டர் இங்க வந்து 4-1. வரிசையா நாலு தோல்வி. எங்களுக்குப் பின்னால இருந்தவர் "தூக்கி அடி, தூக்கி அடி" எண்டு தொண்டை கிழியக் கத்த, நீ திரும்பிப் பாத்து முறைச்சனீ. மார்ட்டின் மாத்தேல்லை. கீப்பரிட்ட இருந்து சின்னச் சின்னப் பாஸாத்தான் பந்து வெளிய வரவேணும் எண்டு நிண்டார். அதுக்குப் பிறகு 25 மட்ச் தோல்வியே இல்லை. சம்பியன்ஷிப் எண்ட ரெண்டாம் தர லீக்கில 87 புள்ளி எடுத்து, வெம்பிளிக்குப் போய், லீட்ஸுக்கு எதிரா அடம் ஆம்ஸ்ட்ரோங்கின்ர அந்த ஒரு கோலோட மேல ஏறினம். நீ என்ர தோளில தலையை வைச்சு அழுதாய். அப்பிடிக் கூட்டிக்கொண்டு போன மனிசனை ஏழு மாதத்தில பழிக்க எனக்கு வாய் வரேல்லை.

ஆனா ஒண்டு. நீ அங்க டீவியில பாத்தனீ, நான் இங்க இருந்து பாத்தனான். எங்கட கோல் வாசலில இருந்து பந்தைத் திரும்பத் தொடங்கிற கோல் கிக் நேரம் கீப்பர் பந்தில காலை வைச்சு அசையாமல் நிப்பார். ரெண்டு டிஃபெண்டர்மார் கோலுக்கு முன்னால இருக்கிற பெட்டிக்குள்ளேயே அங்கால ஒராள், இங்கால ஒராள். 2019இல சட்டம் மாறினதால பந்து பெட்டியை விட்டு வெளிய போகவேணுமெண்டு இப்ப இல்லை. எதிரி ஓடிவந்தால் அவன் விட்டுட்டு வாற இடம் பின்னால திறக்கும், அதுக்குள்ளால பந்தைக் குடுத்தால் பாதி மைதானம் எங்கட. வடிவான கணக்கு. சம்பியன்ஷிப்பில ஓடிவாறவன் ஒரு எட்டுப் பிந்தித்தான் வந்தான். பிரீமியர் லீக்கில பிந்துறதில்லை. எனக்கு முன் வரிசையில இருக்கிற கிழவர் ஒவ்வொரு கோல் கிக்குக்கும் தொப்பியைக் கழட்டி மடியில வைச்சு, அதின்ர விளிம்பைப் பிடிச்சு நெரிப்பார். பந்து நடுக்கோட்டைத் தாண்டினால்தான் திரும்பப் போடுவார். இந்த வருசம் அவர் தொப்பி போட்டிருந்த நேரம் குறைவு.

பிரீமியர் லீக்கில முதல் மட்ச்சே அதுதானே. நியூகாசிலில அவங்கட ஷேர் சிவப்பு அட்டையோட வெளிய போட்டார், பந்து முழுக்க எங்களிட்ட. எங்கட கீப்பர் அலெக்ஸ் மெக்கார்த்தியின்ர ஒரு பாஸ் நேர அவங்கட இசாக்கின்ர காலுக்குப் போக, ஜோலிண்டன் அடிச்சார். 1-0. நவம்பரில லிவர்பூலுக்கும் அப்பிடித்தான் பெட்டிக்குக் கிட்டப் பந்தை விட்டுக் குடுத்தம், சொபொஸ்லாய் அடிச்சார். லீக்கில முதலிடத்தில நிண்ட அணி அது. பிறகு 2-1 எண்டு நாங்கள் முன்னால நிண்டனாங்கள், பிள்ளை! கடைசியில 3-2 எண்டு தோத்தாலும், அந்தக் கொஞ்ச நேரம் விளையாடின விளையாட்டை நான் ஆருக்கும் விட்டுக்குடுக்கமாட்டன்.

நீ சொன்ன "பலி" எண்ட சொல்லைத்தான் இவ்வளவு நாளும் யோசிச்சனான். திட்டம் மார்ட்டினின்ர. பிழை எண்டு எல்லாற்ற வாயிலும் வந்தது மெக்கார்த்தியின்ர பெயரும் மற்றப் பெடியளின்ர பெயரும். அதில நீ சொன்னது சரி, நான் அண்டைக்கு ஒத்துக்கொள்ளேல்லை. 2023 செப்டெம்பரில மாத்தாமல் நிண்டு வெண்டதை அவரும் மறக்கேல்லை, நானும் மறக்கேல்லை. அதாலதான் 16 மட்ச்சில 5 புள்ளி எண்டு வந்தபிறகும் இந்தா திரும்பும், இந்தா திரும்பும் எண்டு காத்திருந்தம். கோல் கிக்கை மட்டுமாவது மாத்தியிருக்கலாம். எதிரி மூண்டுபேர் பெட்டி வாசலில நிக்கேக்க நீளமா அடிச்சுப்போட்டு, மற்ற நேரம் எங்கட விளையாட்டை விளையாடியிருக்கலாம்.

அதுக்காகத் தூக்கி அடிச்சிருந்தால் தப்பியிருப்பம் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லவேண்டாம். போன வருசம் லூட்டன் நீளமா அடிச்சுத்தான் விளையாடினது, 26 புள்ளியோட இறங்கினது. கொம்பனி பயிற்சி குடுத்த பேர்ன்லி சம்பியன்ஷிப்பில 101 புள்ளி எடுத்து ஏறி, 24 புள்ளியோட திரும்பினது. ரெண்டு வருசத்தில ஏறின ஆறு அணியும் அடுத்த வருசமே இறங்கிட்டுது. மார்ட்டினுக்குப் பிறகு யூரிச் வந்தார். ஏழு மட்ச் மிச்சமிருக்க, ஏப்ரல் 6ஆம் தேதி, அதே டொட்டன்ஹாமிட்டத் தோத்து இறங்கினம். பிரீமியர் லீக்கில இவ்வளவு மட்ச் மிச்சமிருக்க வேற ஆரும் இறங்கினதில்லை. அண்டைக்கு நான் வீட்டை வந்து உனக்குப் போன் எடுக்கப் போய், எடுக்காமல் விட்டுட்டன்.

அண்டிரவு கத்தினதுக்கு அப்பாவை மன்னிச்சுக்கொள்.

ஓகஸ்டில திரும்பவும் சம்பியன்ஷிப். பக்கத்துக் கதிரையில இப்ப ஒருத்தரும் இல்லை, என்ர தேத்தண்ணிப் போத்தலும் மழைக்கோட்டும்தான் இருக்கு. அம்மா குளிருக்குள்ள வரமாட்டன் எண்டிட்டா. நீ லீவு எடுக்கக்கூடிய திகதியைச் சொல்லு, அண்டைய மட்ச்சுக்கு அந்தக் கதிரைக்கும் டிக்கெட் எடுத்து வைக்கிறன்.

அன்புடன்,
அப்பா