ஹாலோவேயின் செப்புக்காசு

மெல்போர்ன்
ஜூலை 14, ஞாயிறு

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. பேரன் பிறந்த வீட்டில் பகல் எது, இரவு எது என்று தெரியாமல் போய்விட்டது. பதில் எழுதத் தாமதமானதற்கு அவன்தான் காரணம். தாயும் பிள்ளையும் நலம். நான் மட்டும் இந்த ஊர்க் குளிரில் இரண்டு ஸ்வெட்டருக்குள் ஆமையாகக் கிடக்கிறேன். முழங்காலுக்கு நீ கொடுத்தனுப்பிய தைலம் பாதிக்கு வந்துவிட்டது. கடையை மருமகனிடம் ஒப்படைத்துவிட்டதாக எழுதியிருந்தாய். நாற்பது வருடம் கல்லாவில் நின்று மருந்து விற்றவன் இனி மதியம் தூங்கப் பழகவேண்டும். சிரமம்தான்.

மருந்து விற்றவன் என்பதால்தான் இதை உனக்கு எழுதுகிறேன். போன வாரம் மகனோடு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனேன். பழைய நாணயம் விற்கும் ஒரு கிழவரின் மேஜையில் கன்னங்கரேல் என்று ஒரு செப்புக்காசு கிடந்தது. ராஜா தலையோ ராணி தலையோ இருக்கும் என்று புரட்டினால், யாரோ ஒரு மனிதரின் தலை. சுற்றிலும் ‘புரொபசர் ஹாலோவே, லண்டன்’ என்று எழுத்து. மறுபக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள், கூடவே பாம்பு. கிரேக்கர்களின் ஆரோக்கிய தேவதை ஹைஜீயாவாம். அவளைச் சுற்றி ‘ஹாலோவேயின் மாத்திரையும் களிம்பும்’ என்ற வாசகம். ஆண்டு 1857. நாற்பது டாலர் கொடுத்து வாங்கிவிட்டேன். மகன் ஒன்றும் சொல்லவில்லை. மருமகள் ரூபாயில் பெருக்கிப் பார்த்தாள்.

அந்தக் காலத்தில் இங்கே சில்லறைக்குப் பெரும் தட்டுப்பாடு. 1851-இல் தங்கம் கிடைத்ததும் உலகமே இங்கே வந்து இறங்கியது, ஆனால் ஒரு ரொட்டி வாங்கிவிட்டு மீதி கொடுக்கச் செப்புக்காசு இல்லை. கடைக்காரர்கள் தாங்களே காசு அடித்துப் புழங்கவிட்டார்கள். லண்டனில் உட்கார்ந்திருந்த மருந்து வியாபாரி தாமஸ் ஹாலோவே அந்த இடைவெளியில் தன் முகத்தைப் பதித்து அனுப்பிவிட்டார். சுவரில் ஒட்டிய விளம்பரத்தை மழை கரைக்கும்; பத்திரிகையில் வந்தது மறுநாள் பொட்டலம் கட்டப் போகும். காசை யாராவது தூக்கி எறிவார்களா? ஒவ்வொரு கையும் அதை வாங்கி, எண்ணிப் பார்த்து, அடுத்த கைக்குக் கொடுக்கும். இதை யோசித்த மண்டையை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பயமாகவே இருக்கிறது.

பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. இந்த நாட்டுத் தேசிய நூலகம் பழைய பத்திரிகைகளை எல்லாம் ‘டிரோவ்’ என்ற தளத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கிறது. குழந்தை தூங்கும் நேரத்தில் அதற்குள் இறங்கிவிடுகிறேன். ஹாலோவே இல்லாத பத்திரிகையைக் காண்பது அரிது. ஆள் புரொபசர் எல்லாம் இல்லை. அவராக வைத்துக்கொண்ட பட்டம். 1837-இல் களிம்பு விற்கத் தொடங்கி, ஆரம்பத்தில் விளம்பரக் கடனைக் கட்ட முடியாமல் கடன்காரர் சிறைக்குப் போய் வந்தவர். வெளியே வந்ததும் விளம்பரத்தைக் குறைத்தாரா என்றால், கூட்டினார். 1842-இல் விளம்பரத்துக்கு மட்டும் 5,000 பவுண்டு. 1883-இல் அவர் சாகும்போது அது வருடத்துக்கு 50,000 பவுண்டாகியிருந்தது. மருந்தை உபயோகிக்கும் முறையைச் சீனம், அரபு, துருக்கி, ஆர்மீனியம், நம் நாட்டு மொழிகள் என்று மொழிபெயர்த்து அனுப்பினார்.

களிம்பு தீர்க்கும் நோய்களின் பட்டியல் ஒன்று விளம்பரத்தின் அடியில் வரும். அதை நீ கடையில் மாட்டியிருந்தால் மருந்து ஆய்வாளர் அன்றைக்கே உன் உரிமத்தை ரத்து செய்திருப்பார். கால் புண், தீக்காயம், ஆணிக்கால், மூலம், பவுத்திரம், கீல்வாதம், தொண்டைப்புண், புற்றுநோய் எல்லாம் ஒரே டப்பாவில். ஆனால் நடுவில் சில பெயர்கள் லண்டன்காரனுக்குச் சம்பந்தமே இல்லாதவை. கொசுக்கடி, மணல் ஈக் கடி, யாஸ் என்னும் வெப்பநாட்டுத் தோல்நோய், அப்புறம் நம் யானைக்கால். லண்டனில் யாருக்கு யானைக்கால்? அந்தப் பட்டியல் கப்பலேறிப் போவதற்கென்றே எழுதப்பட்டது. டாக்டர் நூறு மைலுக்கு அப்பால் இருக்க, கூடாரத்துக்குள் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவன், மங்கிய வெளிச்சத்தில் விரலை ஓட்டித் தன் வியாதியைத் தேடுவான். கண்டிப்பாக அங்கே இருக்கும்.

என்னை உண்மையில் பிடித்து நிறுத்தியவை அந்த விளம்பரங்களில் வரும் கடிதங்கள். ஆல்ட்பரோ பிரபு இத்தாலியின் லெகார்ன் நகரிலிருந்து 1845 பிப்ரவரி 21 அன்று எழுதியதாக ஒரு கடிதம், பத்திரிகை மாற்றிப் பத்திரிகை, திரும்பத் திரும்ப வருகிறது. ஐரோப்பாவின் பெரிய வைத்தியர்கள் எல்லாரும் கைவிட்ட என் ஈரல், வயிற்றுக் கோளாறு உங்கள் மாத்திரையில் குணமாயிற்று, கார்ல்ஸ்பாட், மரீன்பாட் ஊற்றுநீரால்கூட ஆகாத காரியம் என்கிறார். அது இருக்கட்டும். கடைசி வரியைப் பார்: வீட்டில் யாருக்காவது எப்போதாவது தேவைப்படலாம், இன்னொரு பெட்டி மாத்திரையும் ஒரு டப்பா களிம்பும் அனுப்பவும். நோய் வராதவனுக்கும் ஒரு பெட்டி விற்றாயிற்று! விலைப்பட்டியலைவிட அந்த ஒரு வரிக்கு வலு அதிகம்.

இதே நேரத்தில் இங்கிலாந்துப் பத்திரிகையில் என்ன வருகிறது தெரியுமா? இன்றைய டாஸ்மேனியாவில், அன்றைய வான் டீமன்ஸ் லாண்டில், இரண்டு மாதம் வாதக் காய்ச்சலில் கிடந்த பத்தொன்பது வயதுப் பெண் எழுந்து நடந்த கதை. 1851 மார்ச் மாதத்து ஹோபார்ட் பத்திரிகையில் வந்ததாகக் குறிப்பு. இங்கே இருப்பவனுக்கு இத்தாலியிலிருந்து சாட்சி, அங்கே இருப்பவனுக்கு உலகத்தின் மறுகோடியிலிருந்து சாட்சி. கப்பலில் மாதக்கணக்கில் போய் யார் விசாரிப்பது? சாட்சி தூரத்தில் இருக்க இருக்க நம்பிக்கை கூடுகிறது. ஊர், தேதி, பட்டம் என்று எல்லாம் துல்லியமாக எழுதிவிடுவார்கள். கடிதம் என்றால் நமக்கு இருக்கிற மரியாதையைத்தான் அவர் காசாக்கினார். உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இதைச் சொல்வது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கிறது.

சேர்மானத்தைச் சொல்லாமல் விற்ற இந்த மாதிரி மருந்துகளுக்கு ‘பேட்டன்ட் மருந்து’ என்று பெயர். அந்தப் பெயரே ஒரு மாயம். பேட்டன்ட் வாங்கினால் சேர்மானத்தை வெளியே சொல்லவேண்டும். பெரும்பாலும் யாரும் வாங்கவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்தது அரசாங்க வரி வில்லை. ஒரு ஷில்லிங் பெட்டிக்கு ஒன்றரைப் பென்னி வரி. வாங்குகிறவன் அதை அரசாங்கம் கொடுத்த நற்சான்று என்று எடுத்துக்கொண்டான். விற்றவர்கள் திருத்தவா போகிறார்கள்?

நீ சிரிக்க ஒன்று சொல்கிறேன். ‘பெட்டி ஒரு கினி (21 ஷில்லிங்) பெறும்’ என்று விற்ற பீச்சம் மாத்திரையை 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் உடைத்துப் பார்த்தது. உள்ளே கரியபோளம், சுக்கு, சோப்பு. அவ்வளவுதான். அடிபட்ட வீக்கத்துக்கு உன் அப்பத்தா முட்டை வெள்ளைக்கருவில் குழைத்துப் பற்றுப் போடுவார்களே, அதே கரியபோளம். 56 மாத்திரைக்கான சரக்கு சுமார் அரை ஃபார்திங். விற்ற விலை ஒரு ஷில்லிங் ஒன்றரைப் பென்னி. நாலு ஃபார்திங் ஒரு பென்னி, பன்னிரண்டு பென்னி ஒரு ஷில்லிங். கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரியாக 108 மடங்கு வருகிறது. அர்ச்சனைக்கு ஆகும்.

பீச்சமாவது பேதியோடு விட்டார். குளோரோடைன் அப்படியில்லை. இந்தியாவில் ராணுவ மருத்துவராக இருந்த காலிஸ் பிரவுன் 1848-இல் காலராவுக்கென்று கூட்டியது. அபினி, கஞ்சா, குளோரோஃபார்ம். வயிற்றோட்டம் நிற்கத்தான் செய்யும், அபினியின் குணம் அது. பிறகு பாட்டிலை விட முடியாமல் போனவர்கள் உண்டு, அளவு மீறிச் செத்தவர்களும் உண்டு. நாங்கள்தான் அசல் என்று 1864-இல் போலிக்காரர் மேல் வழக்குப் போனபோது நீதிபதி சொன்னதை எடுத்து, பல பத்தாண்டுகள் விளம்பரமாகவே போட்டுக்கொண்டிருந்தார்கள். கடிதம் தீர்ந்தால் தீர்ப்பு.

சோப்புக்காரர்களின் கதை வேறு மாதிரி. பியர்ஸ் சோப்பின் 1887 விளம்பரம் ஒன்றில், சூடான் பாலைவனத்துப் பாறையில் ‘பியர்ஸ் சோப்பே சிறந்தது’ என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. அந்நாட்டு மக்கள் அதைப் பார்த்து மிரண்டு நிற்கிறார்கள். தலைப்பு, பிரிட்டிஷ் வெற்றியின் சூத்திரம். ஹாலோவே அந்நிய தேசத்தானை வாங்க வைக்கப் பார்த்தார். இவர்கள் அவனைப் படத்தில் நிற்கவைத்து லண்டன்காரனுக்கு விற்றார்கள். எது மோசம் என்று கேட்டால் நான் சோப்பைத்தான் சொல்வேன். மாத்திரைக்காரர் ஏமாற்றினார், ஆனாலும் யானைக்காலையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டார். நீ ஒத்துக்கொள்ளமாட்டாய் என்று தெரியும்.

நமக்குச் சிரிக்க உரிமை உண்டா என்றும் யோசித்தேன். எட்டாம் வகுப்பில் நாம் இரண்டு பேரும் சேர்ந்து உயரம் வளர மருந்து வரவழைத்தது ஞாபகம் இருக்கிறதா? பத்திரிகையின் ஓரத்தில் இருந்த கூப்பனைக் கத்தரித்தது நீ, கையெழுத்து நன்றாக இருந்ததால் நிரப்பியது நான். அதிலும் ஒரு கடிதம் அச்சாகியிருந்தது. பினாங்கிலிருந்து யாரோ நான்கு அங்குலம் வளர்ந்தாராம். நம் தெருவிலிருந்து எழுதியிருந்தால் நேரில் போய் அளந்திருப்போம். வி.பி.பி. பொட்டலத்தோடு தபால்காரர் வந்து நின்றபோது உன் அம்மா உண்டியலை உடைத்தார்கள். உள்ளே கடலைமாவு வாசனையோடு ஒரு பொடி. ஒரு மண்டலம் பாலில் கலந்து குடித்தோம். நீ வளர்ந்தாய், நான் வளரவில்லை. மருந்தின் பங்கில் பாதிக்குமேல் நீ தின்றுவிட்டாய் என்று நெடுநாள் சந்தேகப்பட்டேன், இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஹாலோவே சம்பாதித்ததை என்ன செய்தார் என்று கேட்பாய். பிள்ளை கிடையாது. மனநோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனையும், இறந்த மனைவி நினைவாகப் பெண்களுக்கு ஒரு கல்லூரியும் கட்டினார். கல்லூரியை 1886-இல் விக்டோரியா ராணி வந்து திறந்துவைத்தார். அரண்மனை போன்ற செங்கல் கட்டடம், இன்றும் லண்டனுக்கு மேற்கே எகாமில் நடக்கிறது. அதன் சித்திரக்கூடத்துக்கு அவர் 6,300 கினி கொடுத்து வாங்கிய படம், பாபிலோனில் பெண்களை ஏலம் விடும் காட்சி! பெண்கள் கல்லூரிக்கு. என்ன மனிதரோ.

செப்டம்பர் கடைசியில் ஊர் திரும்புகிறேன். காசை உனக்கே கொண்டுவருகிறேன், கல்லாவில் போட்டு வை. மருமகனிடம் சொல்லிவிடு, தப்பித்தவறி யாருக்கும் சில்லறையாகக் கொடுத்துவிடப் போகிறான். அதற்குள் ஒரு வேலை செய். நம் பெரியகடை வீதி நாட்டு மருந்துக்கடையில் கரியபோளமும் சுக்கும் இப்போது கிலோ என்ன விலை என்று விசாரித்து எழுது. சோப்பு விலை எனக்குத் தெரியும்.

அன்புடன்,
ராமநாதன்